தகரக் கொட்டகையும் தெருமுனைக் குரலும்

இந்த வரலாற்றை நான் எழுதியே ஆக வேண்டும். வேறு யாரேனும் எழுதுவார்கள் என்று பொறுத்திருந்தேன். எவரும் எழுதவில்லை, ஆனால் பேசத் தொடங்கிவிட்டார்கள். எழுதப்படாத வரலாறு பேருந்தில் ஏறிவிட்டால் எந்த ஊரில் போய் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

சென்ற வாரம் அது ஏறியதை நானே பார்த்தேன்.

பெரம்பலூரிலிருந்து குன்னம் செல்லும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இருவர். ஒருவர் கையில் கைப்பேசி. அதில் ஒரு காணொளி. மூன்று இளம்பெண்கள் மேடையில் நின்று ராக் இசை முழக்கிக்கொண்டிருந்தார்கள். அரியலூரில் எடுத்த காட்சி. மூவரையும் எனக்குத் தெரியும் என்பதால் செவியைத் தீட்டிக்கொண்டேன்.

“இதுங்கல்லாம் மெட்ராஸ் புள்ளைங்கப்பா. நம்ம பக்கத்துல இது எங்கேருந்து வரும்?” என்றார் கைப்பேசிக்காரர்.

மற்றவர் ஒரு படி மேலே போனார். “டிரம்ஸு பின்னாடி ரெக்கார்டுல ஓடுது. அந்தப் பொண்ணு சும்மா கைய ஆட்டுது.”

சும்மா கையை ஆட்டுகிறாளா! மறுக்க வாய் திறந்தேன். அதற்குள் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. நடத்துநர் என் சினத்துக்காகக் காத்திருப்பாரா என்ன?

ஆகவே பேருந்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அந்தக் குழுவின் பெயர் ‘தகரக் கொட்டகை’. அது சென்னையில் பிறக்கவில்லை. குன்னத்துக்குக் கூப்பிடு தொலைவில், எங்கள் ஊரில், என் வீட்டுக்குப் பின்புறம் பிறந்தது.

பிறந்த நாளன்று அழுகுரலும் எனக்குக் கேட்டது. மக்காச்சோளம் உதிர்க்கும் எந்திரம் பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் நான் குடியேறிய வீடு இது. பின்புறம் வளர்மதி அம்மையாரின் களம். கணவர் மறைந்தபின் சோளம், பருத்தி, வெங்காயம் மூன்றையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்; டிராக்டரைத் தாமே ஓட்டுவார். அந்த டிராக்டர் நிற்பதற்காகப் போட்ட தகரக் கொட்டகையிலிருந்துதான் ஓசை வந்தது. மதிலருகே போய் எட்டிப் பார்த்தேன். டிராக்டர் வெளியே வெயிலில் நின்றது. உள்ளே மூன்று பெண்கள்.

கிட்டாரும் பாட்டும் வளர்மதியின் மகள் யாழினி. பேஸ் கிட்டார் — கனத்த குரலுடைய, நான்கு கம்பிகள் கொண்ட உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள் — அது தஸ்லிமா. குவைத்தில் வேலை பார்க்கும் அவளுடைய தந்தை, அவள் சொல்லில் அத்தா, ‘தங்கச் சங்கிலி வேணுமா, வேறென்ன வேணும்’ என்று கேட்டதற்கு அவள் கேட்டு வாங்கியது அது. மூன்றாமவள் கயல்விழி. அவள் முன்னால் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் டிரம், கவிழ்த்த எண்ணெய்த் தகரம், ஒரு பழைய குக்கர் மூடி.

மூவரும் அப்போது பதினோராம் வகுப்பு. மூவருக்கும் ஆசிரியர் யாரும் இல்லை. கைப்பேசியில் பார்த்தும் கேட்டும் தாங்களே கற்றார்கள். பாட்டுகளையும் தாங்களே எழுதினார்கள். முதற்பாட்டு கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதைப் பற்றியது. இரண்டாம் பாட்டு கணக்கு வாத்தியாரைப் பற்றியது. அதன் சொற்களை இங்கே தர இயலாது.

குழுவுக்குப் பெயர் வேண்டும் என்றார்கள். விடுவேனா? யாழ்மகளிர், முழவொலி, இன்னிசைத் தோகையர் என்று வரிசையாகச் சொன்னேன். யாழினி மிகுந்த பணிவோடு, “யோசிக்கிறோங்கய்யா” என்றாள். மறுநாள் கொட்டகைக் கதவில் ‘தகரக் கொட்டகை’ என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. இப்போது எண்ணிப் பார்க்கிறேன்... அவர்கள் யோசித்தது நல்லதே.

அந்தக் கொட்டகைக்கு ஒரு குணம் உண்டு. வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு அடியும் தகரத்தில் மோதித் திரும்பி வந்து அடுத்த அடியின் மேல் விழும். சிம்மக்குரல் எழுப்பினாலும் சிதறிய குரலே கிடைக்கும். ஆனால் அறுவடை முடிந்து சோள மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டால்? எதிரொலி அடங்கிவிடும். பெருநகரங்களில் செலவழித்துக் கட்டுகிற ஒலிப்பதிவு அறையைப் போல ஓசை தெளிந்து நிற்கும்.

எனவே இக்குழுவின் இசைப்பருவம் மக்காச்சோளப் பருவத்தை ஒட்டியது. தை, மாசியில் புதுப்பாட்டு. மூட்டை விற்றபின் ஓய்வு. “யம்மா, இந்த வாரம் மட்டும் விக்காத யம்மா” என்று மகள் கெஞ்சுவாள். “வியாபாரி வந்து நிக்கிறான்டி. ஒம் பாட்டுக்காவ அவன் லாரிய திருப்பி அனுப்பவா?” என்பார் தாய். ஒரு முறை அப்படித் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் சோளத்தின் விலை ஏறியது. அதன்பின் ராக் இசைமீது அம்மையாருக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று.

அரியலூரில் ஒரு தேவாலயப் பாடகர் குழு புதிய டிரம்ஸ் வாங்கியபோது பழையதை இவர்களுக்குக் கொடுத்தது. வெங்காயம் ஏற்றிப்போன வண்டியில் அது வந்து இறங்கியது. இன்றுவரை அதில் வெங்காய மணம் போகவில்லை. கயல்விழி அதன்முன் முதன்முதலாக அமர்ந்த மாலையை நான் மறக்கவில்லை. அதுவரை தகரத்திலும் மூடியிலும் அடைபட்டிருந்த ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டிலிருந்து விடுபட்டது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மதிலருகே நின்றாள்.

இனி கயல்விழியின் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் கலியமூர்த்தி. பழுதான கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிச் சுருளான காயில் கட்டுவது தொழில். வீட்டு வாசலிலேயே பட்டறை. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் நின்றுவிட்டால் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவருடைய தந்தை ஊருக்குப் பறை அடித்தவர். சாவுக்கும் சாமிக்கும் அடித்தவர். கலியமூர்த்தி இளவயதிலேயே அதை விட்டு வெளியேறி, தொழில் பழகி, வீடு கட்டி, மகளைப் படிக்க வைத்தவர். தந்தையின் பறை அவர் வீட்டில் இல்லை. என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தகுந்த கேள்வியும் அன்று.

மகள் டிரம்ஸ் வாசிக்கப் போகிறாள் என்றதும் அவர் முகம் சுருங்கியது என்பாள் கயல்விழி. ஆயினும் தடுக்கவில்லை. இது வேறு, அது வேறு என்று தமக்கே சொல்லிக்கொண்டிருப்பார் போலும். கொட்டகைக்கு மின்கம்பி இழுத்து, சுவிட்ச் பெட்டி வைத்து, ஆம்ப் எனப்படும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரையாமல் இருக்க எர்த் போட்டுக் கொடுத்தவரும் அவரே.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அரியலூரில் புத்தகக் காட்சி ஒன்றின் மாலை மேடைக்கு அழைப்பும் வந்தது. முதல் மேடை! பயிற்சி சூடு பிடித்தது.

அப்போதுதான் அந்தக் குரல்.

ஒரு மாலை, கயல்விழி வரத் தாமதமாயிற்று. யாழினி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கயல்விழியின் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“கயலு... ஏய் கயலு! கொட்டு அடிக்க வாடி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்ல.”

தோழி தோழியை அழைத்த குரல்தான். அதில் கேலி உண்டு, அன்பு உண்டு, வேறொன்றும் இல்லை. ஆனால் வாசலில் மோட்டாரோடு அமர்ந்திருந்த கலியமூர்த்தி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போனார்.

“இனிமே அது வேணாம்” என்றார் மகளிடம்.

ஏன் என்று கேட்டாள்.

“எங்கப்பாவ அங்கேருந்துதான் கூப்புடுவாங்க. அதே தொட்டிகிட்ட நின்னு. பேரச் சொல்லி. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போவணும். ஒன்ன அப்படிக் கூப்புடவா நான் இந்த வூட்டக் கட்டுனேன்?”

கயல்விழி அன்று கொட்டகைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கலியமூர்த்தி கொடுமைக்காரர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்றார். பாடு என்றார். அந்தத் தோழிகளோடு சேராதே என்றும் சொல்லவில்லை. தோலில் கோல் படுகிற எதுவும் வேண்டாம் — அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? அந்தப் பெண்ணுக்கு வேறு எது இருந்தது?

அவள் மீண்டும் வந்தாள். ஆனால் மூட்டையின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். டிரம்ஸ் மீது சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். தஸ்லிமா கைப்பேசியில் தாளம் போடும் செயலி ஒன்றை இறக்கினாள். அதை ஆம்பில் இணைத்து வாசித்துப் பார்த்தார்கள். யாழினி ஓரிடத்தில் பிந்தினாள்; தாளம் காத்திருக்கவில்லை. மறுபடி பிந்தினாள், அது தன்பாட்டுக்குப் போயிற்று. கயல்விழியாக இருந்தால் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, அவள் வந்து சேரும்வரை ஓர் உருட்டு உருட்டி நிறுத்தி வைப்பாள்.

“அது தப்பே பண்ண மாட்டேங்குதுங்கய்யா. அதோட எப்படி வாசிக்கிறது?” என்றாள் தஸ்லிமா என்னிடம். இசையைப் பற்றி நான் படித்த நூல்கள் எதிலும் இவ்வளவு தெளிவான ஒரு வரியைக் கண்டதில்லை.

மேடைநாள் நெருங்கியது. யாழினிக்குச் சினம். கயல்விழி இல்லாத ஒரு நாள் வெடித்தாள். நான் என்ன குற்றம் செய்தேன், தோழியை அழைத்தது குற்றமா, தஸ்லிமாவையும் அப்படித்தானே கூப்பிடுகிறேன் என்றெல்லாம் அடுக்கினாள்.

தஸ்லிமா பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “எங்க வூட்டுக்கு வந்தா நேரா உள்ள வந்து, ப்ரிட்ஜத் தொறந்து தண்ணி குடிப்பே. எங்கம்மா பொரிச்ச மீன எனக்கு முன்னாடி எடுத்துத் திம்பே. கயல் வூட்டுக்குள்ள என்னைக்காவது போயிருக்கியாடி?”

யாழினி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

போகாதே என்று அவளிடம் எவரும் சொன்னதில்லை. அதுதான் வியப்பு. யாழினி வீட்டு வண்டிகள் அந்தத் தொட்டியருகே நிற்கும். தாத்தாவின் மாட்டுவண்டி அங்கே நின்றது. தந்தையின் மோட்டார் சைக்கிளும் அங்கே நின்றது. இவளுடைய ஸ்கூட்டரும் அங்கே நின்றது. ஏன் நிற்கிறது என்று வண்டிக்கும் தெரியாது, ஓட்டுகிறவளுக்கும் தெரியாது. சொல்லிக் கொடுக்காமலே வந்துசேரும் பாடங்கள் எத்தனை!

களத்தில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்த வளர்மதிக்கு இந்த உரையாடல் கேட்டிருக்கிறது. துழாவுபலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நான் நேரில் காணவில்லை. தஸ்லிமா சொன்னதைச் சொல்கிறேன். அவளுக்குச் சற்று மிகைப்படுத்தும் வழக்கம் உண்டு. ஆனால் கயல்விழியும் இதை மறுக்கவில்லை.

தாய், மகள், தஸ்லிமா மூவரும் புறப்பட்டார்கள். வண்டி எடுக்கவில்லை. வளர்மதியின் கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேல் பக்கம் அரியலூர் நிகழ்ச்சியின் அழைப்பிதழ். நம் பக்கத்தில் நாதசுரக்காரரையும் தவில்காரரையும் திருமணத்துக்கு அப்படித்தானே போய் அழைக்கிறோம்? தட்டு வைத்து அழைப்பது கலைஞருக்குச் செய்யும் முதல் மரியாதை. ஆனால் பறைக்காரருக்கு யார் தட்டு வைத்தார்கள்? அவருக்குக் குரல் மட்டுமே போயிற்று.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நடந்தார்கள். தெருவே பார்த்தது. கலியமூர்த்தி எழுந்து நின்றார். வளர்மதியை அவர் எப்போதும் அழைப்பதுபோல், “வாங்கம்மா... மோட்டார் எதுவும் நின்னு போச்சுங்களா? சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பனே” என்றார்.

“மோட்டார் ஓடுதுண்ணே. உள்ள வரலாமா?”

அதுவரை அவரை ‘மூர்த்தி’ என்றே அழைத்துவந்தவர் வளர்மதி. அண்ணே என்ற சொல்லில் கலியமூர்த்தி சற்றுத் தடுமாறியதாகத் தஸ்லிமா சொல்கிறாள்.

உள்ளே போய் அமர்ந்தார்கள். கயல்விழியின் தாய் தண்ணீர் கொண்டுவந்தார். யாழினி முதல் ஆளாய்ச் செம்பை வாங்கிக் குடித்தாள். பாதி மேலே சிந்திற்று.

“புள்ளைங்க அரியலூர்ல மேடை ஏறுதுங்கண்ணே. உங்க பொண்ணு வாசிக்கலன்னா அது நடக்காது. அழைச்சுட்டுப் போவலாம்னு வந்தோம்” என்றார் வளர்மதி.

கலியமூர்த்தி தட்டைப் பார்த்தார்.

“எங்கப்பா காலத்துல நெறைய பேரு கூப்புட்டாங்கம்மா. யாரும் தட்டோட வரல.”

“தெரியுண்ணே. எங்க மாமனாரும் கூப்புட்டிருப்பாரு. அதான் நானே வந்தேன்.”

யாழினி அப்போது ஏதோ சொல்ல முயன்றாள். “நான் அந்தத் தொட்டிகிட்ட நின்னது...” என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. கலியமூர்த்தி அவளை முடிக்க விடவும் இல்லை. “ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா” என்றார்.

வளர்மதி தட்டை நீட்டினார். கலியமூர்த்தியின் கை நீளவில்லை. பிறகு சொன்னார்:

“எங்கிட்ட ஏன் குடுக்குறீங்க? வாசிக்கிறவ அவ. அவகிட்ட குடுங்க.”

கதவோரம் நின்ற கயல்விழி முன்னே வந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இரு கைகளாலும் தட்டை வாங்கினாள். அழைப்பிதழை எடுத்து முழுவதும் படித்தாள். பிறகு யாழினியைப் பார்த்து, “யோசிச்சு சொல்றேன்” என்றாள்.

“கொழுப்பப் பாரு!” என்றாள் யாழினி. அதன்பின் அந்த வீட்டில் எழுந்த சிரிப்பு தொட்டிவரை கேட்டிருக்க வேண்டும்.

அரியலூர் நிகழ்ச்சிக்கு மனைவியோடு நானும் போயிருந்தேன். சிமெண்ட் லாரிகளின் புழுதி அடங்காத மாலை. மேடையில் வெங்காயம் மணக்கும் அந்த டிரம்ஸ். கலியமூர்த்தி மேடையின் பக்கவாட்டில், டெஸ்டர் சட்டைப் பையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறிவிப்பாளர், “டிரம்ஸ், க. கயல்விழி” என்றார். முதலெழுத்தோடு சொன்னார். அப்படிச் சொல்லும்படி யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாழினி என்று ஐயப்படுகிறேன்.

முதற்பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாம் பாட்டின் நடுவில் — கணக்கு வாத்தியார் மாட்டிக்கொள்ளும் இடம் — மின்சாரம் நின்றது. விளக்கு போயிற்று. ஒலிவாங்கி போயிற்று. கிட்டார் இரண்டும் கம்பிகளாய் மட்டும் மிஞ்சின.

டிரம்ஸுக்கு ஏது மின்சாரம்? அது நிற்கவில்லை.

கூட்டத்தினர் ஒவ்வொருவராகக் கைப்பேசி விளக்கைப் பிடித்தார்கள். அந்தச் சிறு வெளிச்சங்களின் நடுவே அவள் தனியாக வாசித்தாள். தோழிகள் வந்து சேரும்வரை பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் அதே உருட்டு; ஆனால் இம்முறை அதிலிருந்து கிளைத்துக் கிளைத்துப் போயிற்று. யாழினியும் தஸ்லிமாவும் வாத்தியங்களைத் தோளில் மாட்டியபடி அவள் பக்கம் திரும்பி நின்று கை தட்டினார்கள். பிறகு கூட்டம் தட்டியது. நானும் தட்டினேன். தாளம் தப்பியிருக்கும், யார் கவனித்தார்கள்?

விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் ஓடிவந்தார். டெஸ்டர் வைத்திருப்பவரைக் கண்டதும், “அண்ணே, நீங்க எலக்ட்ரீஷியனா? ஜெனரேட்டரு ஸ்டார்ட் ஆவல, கொஞ்சம் வந்து பாருங்க” என்றார்.

கலியமூர்த்தி அசையவில்லை. கண்ணை மேடையிலிருந்து எடுக்கவும் இல்லை.

“இருங்க தம்பி. அவ முடிக்கட்டும்.”

அவள் முடித்தாள். அவர் போய் ஜெனரேட்டரை இயக்கினார். வெளிச்சம் வந்தபோது என் மூக்குக்கண்ணாடி ஈரமாக இருந்தது. புழுதி என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பேருந்தில் அந்தக் கைப்பேசிக்காரர் கண்ட காணொளி அந்த மாலையில் எடுத்ததுதான். மின்சாரம் நின்ற பகுதியைப் படம் பிடித்தவர் வெட்டிவிட்டார் — இருட்டாக இருக்கிறதாம்! வெட்டாமல் விட்டிருந்தால், பின்னால் ரெக்கார்டு ஓடுகிறது என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இப்போது மூவரும் கல்லூரி முதலாண்டு. வெவ்வேறு கல்லூரிகள், ஆனால் சனிக்கிழமை மாலை ஒரே கொட்டகை. பூலாம்பாடியில் ஒரு திருமண வரவேற்புக்கு வாசிக்க வேண்டும் என்று சென்ற மாதம் ஒருவர் வந்தார். முதலில் கலியமூர்த்தியின் வீட்டுக்குத்தான் தட்டோடு போனார். கேள்விப்பட்டிருப்பார் போலும். கயல்விழி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளுடைய சித்தி மகள்கள் இருவர் இப்போது சோள மூட்டைமேல் அமர்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீல டிரம்மும் குக்கர் மூடியும் அவர்கள் வசம் போய்விட்டன. என் பின்மதிலில் மறுபடியும் எந்திரம் பழுதான ஓசை. கேட்கக் கேட்க இனிக்கிறது.

இவ்வளவே நான் அறிந்தது. ஐயங்கள் சில எஞ்சியுள்ளன. குழுவைத் தொடங்கலாம் என்று முதலில் சொன்னவள் யாழினியா, தஸ்லிமாவா என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு நடக்கிறது. முதல் டிரம் நீலமன்று, கறுப்பு என்கிறாள் என் மனைவி. அரியலூரில் அன்று கூட்டத்தில் இருந்த செந்துறை நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால் நான் விட்டதை நிரப்பலாம். பிழை எதுவாயினும் திருத்துங்கள், மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் — தெருமுனையில் நின்று குரல் கொடுக்க வேண்டாம்.